நாட்டுக்கோழியோடு பழகும் முறை: முதன்முறை வளர்ப்போருக்கு

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலுள்ள தோட்டத்துச் சாளையிலோ புறநகரில் கட்டிய வீட்டின் பின்வாசலிலோ இரண்டு நாட்டுக்கோழி வளர்க்க விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது தீனியைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ அன்று. கோழி நம்மிடம் பழகுமா என்பதைத்தான் கேட்கிறார்கள். பழகும். நம் காலடி ஓசையை அறிந்து ஓடி வரும், மடியில் ஏறி உட்காரும், கண்ணை மூடி அயரும். ஆனால் நாம் எவ்வளவு அருகில் இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமையை முழுவதும் கோழியிடம் விட்டுவிட வேண்டும். பிடித்துப் பழக்கிய கோழி பிடிக்கு அடங்குமே தவிர, நம்மைத் தேடி வராது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்ததுதான்.

வாங்குவதற்கு முன் வீட்டில் பேச வேண்டியது

கொங்கு நாட்டில் கோழி என்பது ஒரம்பரை (விருந்தாளி) வந்தால் குழம்புக்கு, நோம்பி (திருவிழா) வந்தால் கருப்பணசாமிக்கும் முனியப்பனுக்கும் என்று வளர்க்கப்படுவது. அதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. நானும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் எந்தக் கோழியோடு பழகப் போகிறோமோ அந்தக் கோழி இந்தக் கணக்கில் சேராது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே, தெளிவான வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நாம் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் மச்சான் வந்து இறங்கும்போது, வாசலில் பயமின்றி நிற்கிற கோழிதான் முதலில் கைக்கு அகப்படும். பழகிய கோழிக்கு ஓடத் தோன்றாது. அதன் நம்பிக்கையே அதற்கு ஆபத்தாகிவிடும்.

நான் செவலை என்ற வெடைக்கோழியை, அதாவது முட்டையிடத் தொடங்காத இளங்கோழியை, வாங்கி வந்த அன்றே அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) சொன்னேன்: "இதை மட்டும் கணக்குல சேக்காதீங்க அம்மிச்சி." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி சாமி, கால்ல ஒரு கயிறு கட்டி வெய்யி. எனக்குக் கண்ணு மங்கலு, அந்திக்குப் பாத்தா எல்லாக் கோழியும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னது நல்ல வழிமுறை. பறவைகளுக்கென்று விற்கும் நிறமுள்ள பிளாஸ்டிக் கால்வளையத்தை மாட்டுங்கள். வளரும் கோழிக்குக் கால் தடிக்கும் என்பதால், வளையம் இறுகியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எந்தக் கோழி

சிறுவிடைக் கோழி உருவத்தில் சிறியது, அடைக்கு நன்றாக உட்காரும், வீட்டைச் சுற்றியே மேயும். புதியவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பெருவிடையும் நன்றாகப் பழகும், ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும். சேவற்கட்டுக்கென்று, அதாவது சேவல் சண்டைக்கென்று, வளர்த்த வம்சத்துச் சேவல்கள் மனிதரிடம் சாதுவாக இருந்தாலும் இன்னொரு சேவலைக் கண்டால் விடா. ஆகவே அந்த வகையில் ஒன்றுக்கு மேல் வைக்க எண்ணுகிறவர்கள் முதலிலேயே தனித்தனி இடம் ஒதுக்க வேண்டும்.

பல்லடம் பக்கத்துப் பண்ணைகளின் கறிக்கோழியைப் பரிதாபப்பட்டு வாங்கி வளர்க்க நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கோழி ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வம்சம் வம்சமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குமேல் அதன் காலும் இதயமும் அந்த எடையைத் தாங்குவது கடினம். பேருந்து நிலையங்களில் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி வகையின் சேவல் குஞ்சுகள்; முட்டையிடாது என்று பொரிப்பகங்களில் ஒதுக்கப்பட்டவை. குழந்தைகளுக்கு முதல் கோழியாக இவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாயம் ஏற்றும்போதும் தெருவில் வெயிலில் வைத்திருக்கும்போதும் பட்ட பாட்டில், பல குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டுவதில்லை.

மூன்று நான்கு மாத வயதுள்ள வெடைகளாக இரண்டு அல்லது மூன்று வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கினால் நம்மிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நாம் வேலைக்குப் போன பத்து மணி நேரமும் அது தனியாக நிற்கும். கூட்டமாக வாழும் பறவைக்கு அது தண்டனை. கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் நீர் வடிகிறதா, பின்புறத்து இறகில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, நெஞ்செலும்பு கத்தி போல் துருத்துகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். வாரச்சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகக் கையில் கொடுப்பார்கள். அப்படித் தூக்கி வராதீர்கள். காற்றோட்டமுள்ள கூடையையோ ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியையோ கொண்டு செல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால், புதியவற்றை இரண்டு மூன்று வாரமாவது தள்ளி வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

முதல் வாரம்

கொண்டு வந்ததும் மூங்கில் பஞ்சாரத்திலோ கொடாப்பிலோ விட்டு, தண்ணீரும் தீனியும் வைத்து, ஐந்து முதல் ஏழு நாள் வெளியே விடாமல் வைத்திருங்கள். வேப்ப மரத்தடி போன்ற நிழலான இடம் வேண்டும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கம் மறைப்பு வேண்டும். இந்த நாட்களில் தொடாதீர்கள், தூக்காதீர்கள், பார்க்க வருபவர்களுக்கு எடுத்துக் காட்டாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே ஆள், அதே குரலில் "பா... பா... பா..." என்று அழைத்துக்கொண்டே தீனி வைப்பது. தீனி வைத்த பிறகு அழைப்பது பயன் தராது. குரல் முன்னால் வர வேண்டும், கம்புத் தீனி பின்னால் வர வேண்டும். நான்கைந்து நாளில் குரல் கேட்டதும் கழுத்தை நீட்டும்.

முதன்முறை திறந்துவிடுவதைப் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறையும்போது கோழிக்குப் பார்வை மங்கும். எனவே அது தெரிந்த இடத்துக்கே திரும்பி வரும்.

உட்கார்ந்திருப்பது

இதுதான் முழு வேலையின் நடுப்பகுதி. பெரும்பாலோர் பொறுமை இழந்து கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. இரை தேடுவதில் வலக்கண்ணும் எதிரியைக் கவனிப்பதில் இடக்கண்ணும் பெரும்பாலும் முந்துவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். புதிய பொருளைக் கண்டால் அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணால் பார்ப்பதை நீங்களே காணலாம். அப்படி அது உங்களைப் பார்த்து முடிக்கும் வரை அசையாதீர்கள். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரலும், தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு குரலும் கொடுக்கிற பறவை அது. தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, அதற்குப் பருந்து போலத்தான்.

ஆகவே நின்றுகொண்டு குனியாதீர்கள். தரையில் அல்லது தாழ்வான முக்காலியில், கோழிக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். முகத்தை நேராக அதன் மேல் வைக்காமல் சற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். மாலை மேய்ச்சல் முடிந்து திரும்பும் நேரம் மிக ஏற்றது. முதல் நாட்களில் நான்கைந்தடி தள்ளி ஒரு பிடி கம்பைத் தூவுங்கள். கோழி தலை தூக்காமல் அதைப் பொறுக்கத் தொடங்கிய பிறகே அடுத்த நாள் அரை அடி அருகில் தூவ வேண்டும். இடையில் ஒரு நாள் அது தயங்கினால், முந்தைய நாளின் தொலைவுக்கே திரும்பிவிடுங்கள்.

நான் இதை அறியாமல் தொடங்கினேன். செவலையை விட்ட மூன்றாம் நாள், மடியில் வைத்துக்கொள்ளும் ஆசையில் அதைக் கிளுவை வேலி வரை துரத்தி, மூலையில் மடக்கி வாலைப் பிடித்தேன். பிடித்த கையில் ஏழெட்டு இறகுகள் மட்டும் மிஞ்சின; கோழி வேலிக்குள் புகுந்து இருட்டும் வரை வெளியே வரவில்லை. கோழியின் இறகு பயத்தில் தளர்ந்து கழன்றுகொள்ளும், எதிரியின் வாயில் இறகை விட்டுவிட்டு உயிர் தப்புவதற்கான ஏற்பாடு அது என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, நான் அன்று அதன் கண்ணுக்கு யாராக இருந்தேன் என்பது விளங்கியது. அம்மிச்சி சொன்னது இவ்வளவுதான்: "பொறகால ஓடாத சாமி. கம்பு வெச்சுட்டு உக்காரு, அதுவா வரும்." நான் இழந்த அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அது அருகில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கையைத் தரையோடு தரையாக விரித்து, நடுவில் கம்பு வைத்திருந்தேன். செவலை ஒரு காலை எடுத்து, விரல்களைக் குவித்தபடி காற்றிலேயே வைத்துக்கொண்டு, வலக்கண்ணால் கம்பைப் பார்த்தது, இடக்கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு கழுத்தை மட்டும் நீட்டி ஒரு கொத்து. கம்பில் படவில்லை, என் கட்டைவிரல் நகத்தில் பட்டது. நான் கையை இழுக்கவில்லை. இரண்டாவது கொத்துக்கு ஒரு கம்பு மணி போயிற்று, மூன்றாவதற்கு இரண்டு. மோதிரம், வளையல், மச்சம், நகப்பூச்சு எல்லாவற்றையும் கோழி முதலில் கொத்திப் பார்க்கும். அது கோபத்தால் செய்வதன்று, அலகுதான் அதற்குக் கை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். சிறு குழந்தைகளின் முகத்துக்கு அருகில் மட்டும் கோழியை விடாதீர்கள், கண்ணின் பளபளப்பும் அதற்கு ஒரு மணிதான்.

கையில் கொடுப்பதற்கென்று, அன்றாடத் தீனியில் இல்லாத ஒன்றை ஒதுக்கி வையுங்கள். கரையானுக்கு ஈடு வேறு எதுவும் இல்லை. பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணமும் வைக்கோலும் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். நம் தோட்டங்களில் குஞ்சுகளை இப்படித்தான் காலங்காலமாக வளர்த்தார்கள். கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) ஓரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது எளிது. நகரத்தில் இருப்பவர்கள் முருங்கைக் கீரையும் தக்காளி விதையும் கொடுக்கலாம். உப்பு மிகுந்த பலகாரம், ஊசிப்போன சோறு, வேகாத காய்ந்த அவரை வகைகள் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது.

தொடுவதும் தூக்குவதும்

கையில் தயங்காமல் தின்னத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு தொடலாம். முதுகில் தொடங்காதீர்கள், தின்னும்போது மறு கையின் விரலால் நெஞ்சை, அதாவது கழுத்துக்குக் கீழே இறகு தடித்திருக்கும் இடத்தை, மெல்லத் தடவுங்கள். அது ஒதுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, கால்களை விரல்களுக்கிடையில் அமர வைத்து, மறு கையால் இறக்கைகளை உடலோடு சேர்த்து மூடி, உங்கள் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். கால் தொங்கினால் கோழி பதறும். இன்னொன்றை மிகக் கவனமாக நினைவில் வைக்க வேண்டும்: நமக்கு உள்ளது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு ஓடும். பாசத்தால் இறுக்கி அணைக்கும் குழந்தையின் கையில் கோழி சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறி இறந்துபோகக் கூடும். குழந்தைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, தளர்த்திப் பிடிப்பதைத்தான்.

நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் கண் இமை. கோழியின் கீழ் இமைதான் மேல்நோக்கி எழுந்து கண்ணை மூடும். மடியில் இருக்கும்போது இறகைச் சற்று உப்பிக்கொண்டு, கீழிருந்து அந்தச் சாம்பல் நிறத் திரை ஏறி ஏறி இறங்குமானால், உங்கள் மடியை அது பாதுகாப்பான இடமாக ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம். அருகில் வந்து புழுதியில் குளிப்பதும், உங்கள் பக்கத்தில் நின்று இறகு கோதுவதும் அதைப் போன்றவையே. ஆனால் முட்டையிடும் பருவத்துக்கு வந்த வெடை, நீங்கள் அருகில் போனதும் இறக்கையைச் சற்று விரித்துக் குந்தினால் அதை அன்பு என்று எண்ணிவிட வேண்டாம். சேவலுக்குப் பணியும் இயல்பான நிலை அது. அந்த நேரத்தில் தூக்கிவிட முடியும் என்பதற்காகத் தூக்கிப் பழக்காதீர்கள்.

குஞ்சிலிருந்து வளர்த்தால்

அடை வைத்த 21-ஆம் நாள் முட்டை பொரியும். பொரிந்த முதல் ஓரிரு நாளில் தன் முன் அசைகின்ற எதையும் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும் இயல்பு குஞ்சுக்கு உண்டு; ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் 1930-களில் வாத்துக் குஞ்சுகளிடம் இதை விரிவாக விளக்கினார். மின்சாரப் பொரிப்பானில் பொரித்த குஞ்சு உங்கள் பின்னாலேயே ஓடி வருவது இதனால்தான். இது இனிமையானது, ஆனால் பெரும் பொறுப்பு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் குண்டு பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர் என்றும், ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்றும் அறிந்துகொள்ளலாம். ஒற்றைக் குஞ்சைப் பொரித்து வளர்க்காதீர்கள். கோழி மொழி தெரியாத கோழியாக அது வளரும், பிறகு கூட்டத்தில் சேரும்போது அடிபடும்.

நான் தாய்க்கோழியோடு வளர விடுவதையே விரும்புகிறேன். தாய் உங்களை நம்பினால் குஞ்சுகள் அந்த நம்பிக்கையைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்ளும். அதற்காக ஒரு குஞ்சைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை.

உடல்நிலையைக் காப்பது

பழகிய கோழியின் நோய் ஒரு நாள் முன்னதாகவே நமக்குத் தெரியும். நோயுற்ற கோழி முடிந்தவரை அதை மறைக்கும். ஆனால் குரலுக்கு ஓடி வரும் கோழி ஒரு மாலை நடந்து வந்தால், உடனே தூக்கிப் பாருங்கள். தீனிப்பை மாலையில் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருக்க வேண்டும். காலில் செதில் தூக்கியிருக்கிறதா, இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். சாம்பலும் மண்ணும் கலந்த புழுதிக்குழி ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

வெள்ளைக்கழிச்சல் ஒன்றுக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வார வயதில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். வயதுக்கேற்ற மற்றத் தடுப்பூசிகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வாயைத் திறந்து இறக்கையை அகற்றி நின்றால் நிழலுக்கு மாற்றி, குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். கோழியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். அலகில் முத்தம் கொடுக்கும் வழக்கத்தைக் குழந்தைகளிடம் வளர விடாதீர்கள். பறவைக் காய்ச்சல் செய்தி வரும் நாட்களில் தொடுவதைக் குறைத்து, இறந்த பறவை எதையும் வெறும் கையால் எடுக்காதீர்கள்.

சேவலும் அடைக்கோழியும்

கையில் வளர்ந்த சேவல், வளர்ந்த பிறகு காலில் பாய்வது உண்டு. உதைக்காதீர்கள், ஓடவும் செய்யாதீர்கள். இரண்டுமே சண்டையை ஏற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள்படும். அசையாமல் நின்று, அது விலகியதும் உங்கள் வேலையைத் தொடருங்கள். இப்படிப் பாயும் சேவல் இருக்கும் வாசலில் குழந்தைகளைத் தனியாக விட வேண்டாம்.

அடைக்கு உட்கார்ந்த கோழி, நேற்று வரை மடியில் தூங்கியதாக இருந்தாலும், இன்று இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். மனம் வருந்தத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அது இறங்கித் தின்று, குடித்து, புழுதி குளித்து, சில நிமிடத்தில் திரும்பும். அந்த நேரத்தில் தீனியும் தண்ணீரும் அருகிலேயே கிடைக்கும்படி செய்யுங்கள். முட்டையை எட்டிப் பார்க்க வேண்டாம்.

முதுமை

நாட்டுக்கோழி முதல் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக முட்டையிடும், பிறகு குறையும். ஆனால் கவனிப்பு இருந்தால் எட்டு ஆண்டு வரையும் அதற்கு மேலும் வாழும். பழகத் தொடங்குமுன் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். முதிய கோழிக்கு உயரத்தில் ஏறி அடைய முடியாது; அடைகிற கம்பை ஓர் அடி உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். இளங்கோழிகள் அதைத் தீனியிலிருந்து விரட்டும் என்பதால், அதற்குத் தனியாகக் கையில் கொடுங்கள். செவலைக்கு இப்போது ஏழு வயது. பார்வை குறைந்துவிட்டதால் கம்பை உள்ளங்கையில் வைத்து அலகுக்கு அருகிலேயே நீட்ட வேண்டியிருக்கிறது, முதலில் "பா... பா..." என்று குரல் கொடுத்துவிட்டே கையை நீட்டுகிறேன், வருவது எந்தக் கை என்று அதற்குத் தெரிய வேண்டுமல்லவா.